எலும்பின் கடிவாளம்: ஒரு அரிய நோயிலிருந்து பிறந்த மருந்து

தென்னாப்பிரிக்காவில் ஆப்ரிகானர் எனப்படும் டச்சு வம்சாவளியினரின் குடும்பங்கள் சிலவற்றில், எப்போதாவது ஒரு குழந்தை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டியபடி பிறக்கும். விரல்களைப் பிரித்துவிடலாம், அது பெரிய சிக்கல் இல்லை. துன்பம் பிறகுதான் தொடங்கும். சிறு வயதிலேயே முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கும். காது மந்தமாகும். உடம்பு மற்றப் பிள்ளைகளைவிட மளமளவென்று உயரும், தாடை பெருத்து முன்தள்ளும். இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான்: இந்தப் பிள்ளைகளின் எலும்பு தடிப்பதை நிறுத்துவதில்லை. மண்டையோட்டில் நரம்புகள் வெளியேறும் சிறு துளைகள் குறுகிக்கொண்டே வருகின்றன. முகநரம்பும் செவிநரம்பும் நசுங்குகின்றன. ஒரு கட்டத்தில் மூளைக்கே இடம் போதாமல் போகிறது.

நோயின் பெயர் ஸ்கிளிரோஸ்டியோசிஸ். காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் ஹெர்மன் ஹாமர்ஸ்மாவும் கேப் டவுன் பல்கலைக்கழக மரபியல் மருத்துவர் பீட்டர் பைட்டனும் இந்தக் குடும்பங்களைப் பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 1964 முதல் 2002 வரை 63 நோயாளிகளை அவர்கள் கண்டறிந்து பதிவு செய்தனர். அந்தக் காலத்துக்குள்ளேயே அவர்களில் 34 பேர் இறந்துபோனார்கள். 24 பேரின் சாவுக்குக் காரணம் மண்டைக்குள் கூடிய அழுத்தம். இறந்தவர்களின் சராசரி வயது 33. பத்தில் எட்டுப் பேருக்குச் சிறு வயதிலேயே முகவாதமும் செவிக்குறைபாடும் வந்திருந்தன.

ஆனால் அதே பதிவுகளில் இன்னொரு செய்தியும் இருந்தது. இவர்களின் எலும்பு எளிதில் முறிவதில்லை. விபத்தில் சிக்கினாலும், விழுந்தாலும், அடிபட்டாலும் தாங்கிக்கொள்கிறது. எலும்பு பெருத்திருந்தாலும் அதன் கட்டமைப்பில் குறையில்லை. தரமான, உறுதியான எலும்பு அது. எலும்பு அளவுக்கு மீறி அடர்த்தியாகும் நோய்கள் வேறு சில உண்டு. அவற்றில் பழைய எலும்பு கரையாமல் தேங்கிப்போவதால், அடர்த்தி கூடியும் எலும்பு சுண்ணாம்புக்கட்டிபோல் ஒடியும். ஸ்கிளிரோஸ்டியோசிஸ் அந்த வகையில் சேராது. இங்கே புதிய எலும்பு உருவாகும் வேகமே கூடியிருக்கிறது.

எலும்பு மருத்துவம் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். இன்று உலகின் பல நாடுகளில், எலும்புப்புரை முற்றி முதுகெலும்பும் இடுப்பும் முறியும் நிலையில் உள்ள மூதாட்டிகளுக்குப் போடப்படும் ரோமோசோசுமாப் என்ற ஊசி மருந்து, அந்தக் குடும்பங்கள் பட்ட துன்பத்திலிருந்து வந்தது. வெறும் நூறு பேர் அளவில் அறியப்பட்ட ஒரு நோய் கோடிக்கணக்கானவர்களின் நோய்க்கு வழி காட்டியது. அந்த வழி எப்படித் திறந்தது, அதன் கடைசியில் யாருக்கு என்ன கிடைத்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உயிருள்ள எலும்பு

எலும்பு என்றால் உடம்பைத் தாங்கும் உலர்ந்த சட்டகம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் இடித்துக் கட்டப்படுகிறது. இடிப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள். இவை இரத்த அணுக்கள் தோன்றும் அதே மூலத்திலிருந்து வருபவை. அமிலத்தையும் நொதியையும் சுரந்து பழைய எலும்பைக் கரைத்துக் குழி பறிக்கும். பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வந்து புரத இழைகளைப் பரப்பி, அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படியவைத்துக் குழியை நிரப்பும். இளமையில் இரண்டும் சமமாக நடக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் இடிக்கும் வேலை முந்திக்கொள்கிறது. நிரப்பும் வேலை பின்தங்குகிறது. ஆண்டுக்காண்டு அந்த இடைவெளி கூடினால் அதுவே எலும்புப்புரை.

மூன்றாவதாக ஒரு செல் இருக்கிறது. நெடுங்காலம் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. எலும்பைக் கட்டி முடித்த ஆஸ்டியோபிளாஸ்ட்களில் சில தாம் கட்டிய எலும்புக்குள்ளேயே புதைந்துபோகின்றன. அப்படிப் புதைந்தவை ஆஸ்டியோசைட்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் கல்லுக்குள் இருக்கும் தேரைபோல், ஒவ்வொன்றும் ஒரு சிறு பொந்துக்குள் தனியாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் அவை தனித்திருப்பவை அல்ல. ஒவ்வொரு செல்லிலிருந்தும் முடியைவிட மெல்லிய கிளைகள் பல, எலும்பில் ஓடும் நுண்கால்வாய்கள் வழியே நீண்டு பக்கத்துச் செல்களைத் தொடுகின்றன. மனித உடம்பில் ஏறக்குறைய 4,200 கோடி ஆஸ்டியோசைட்கள் இருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வளர்ந்தவரின் எலும்பில் உள்ள செல்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இவையே. இத்தனை பெரிய வலை எலும்புக்குள் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு விடையாக வந்ததுதான் ஸ்கிளிரோஸ்டின்.

ஊர்க் என்ற தீவு

நெதர்லாந்தில் ஊர்க் என்று ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. கடலை அடைத்து நிலமாக்கும் திட்டத்தில் கரையோடு இணைக்கப்படும்வரை, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிவரைக்கும், அது தனித் தீவு. மக்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்டார்கள். டச்சு மருத்துவர் பிரான்சிஸ் வான் பியூகெம் 1955-இல் ஒரு புதிய எலும்பு நோயை விவரித்தார். அந்த நோய் கொண்ட குடும்பங்களின் வேர் ஊர்க்கில்தான் இருந்தது. தடித்த மண்டையோடு, பெருத்த தாடை, முகவாதம், செவிக்குறைபாடு எல்லாம் ஸ்கிளிரோஸ்டியோசிஸ் போலவே. ஆனால் விரல் ஒட்டுவதில்லை, உயரம் கூடுவதில்லை, நோயின் கடுமையும் குறைவு.

இரண்டும் ஒரே மரபணுவின் இரு கோளாறுகளாக இருக்கலாம் என்று பைட்டனும் சகாக்களும் 1984-லேயே சொன்னார்கள். கையில் மரபணு வரிசை எதுவும் இல்லாத காலத்தில், நோயாளிகளின் முகத்தையும் எக்ஸ்ரே படத்தையும் குடும்ப வரலாற்றையும் மட்டும் வைத்து எட்டிய முடிவு அது. ஆப்ரிகானர்களின் முன்னோர் பதினேழாம் நூற்றாண்டில் நெதர்லாந்திலிருந்து கேப் முனைக்குக் குடியேறியவர்கள் என்பதும் அந்த ஊகத்துக்கு வலு சேர்த்தது. மருத்துவர் நோயாளியின் அருகில் உட்கார்ந்து பொறுமையாகக் கவனிப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

விடை 2001-இல் வந்தது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் விம் வான் ஹுல் குழுவும், அமெரிக்காவில் செல்டெக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மேரி பிரங்கோ குழுவும் தனித்தனியாக, 17-ஆம் குரோமோசோமில் அதுவரை அறியப்படாத ஒரு மரபணுவை அடையாளம் கண்டார்கள். அதற்கு எஸ்ஓஎஸ்டி என்று பெயரிட்டார்கள். அது உண்டாக்கும் புரதம் ஸ்கிளிரோஸ்டின். ஆப்ரிகானர் நோயாளிகளில் இந்த மரபணுவின் தொடக்கத்திலேயே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறி, புரதம் பாதியில் அறுந்துபோகிறது. அதாவது அவர்கள் உடம்பில் ஸ்கிளிரோஸ்டினே இல்லை.

வான் பியூகெம் நோயாளிகளிடம்தான் ஒரு புதிர். அவர்களின் எஸ்ஓஎஸ்டி மரபணுவில் ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. தேடியபோது, மரபணுவுக்குச் சற்றுத் தள்ளி 52,000 எழுத்துகள் நீளமுள்ள ஒரு துண்டு காணாமல் போயிருந்தது 2002-இல் தெரியவந்தது. புரதம் எதையும் உண்டாக்காத பகுதி அது. எலும்பில் மட்டும் எஸ்ஓஎஸ்டியை இயக்கிவிடும் கட்டளை அந்தத் துண்டுக்குள் இருந்தது என்பதைக் கேபி லூட்ஸ் குழு 2005-இல் காட்டியது. கரு வளரும்போது கைகால் மொட்டில் ஸ்கிளிரோஸ்டின் சுரக்க வேறு கட்டளை உண்டு. அது இவர்களிடம் பழுதில்லாமல் இருக்கிறது. அதனால்தான் விரல்கள் ஒழுங்காகப் பிரிகின்றன என்று கருதப்படுகிறது. கருவில் விரல் பிரிவதும் அறுபது வயதில் எலும்பு தேய்வதும் ஒரே மரபணுவின் வரலாற்றில் சந்திக்கின்றன என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

எதிர்த்திசையிலிருந்து வந்த தடயம்

ஸ்கிளிரோஸ்டின் என்ன செய்கிறது? முதலில் தவறான ஊகமே நிலவியது. எலும்பு உருவாவதைத் தூண்டும் பிஎம்பி என்னும் புரதக் குடும்பத்தை இது பிடித்து அடக்குகிறது என்று பலரும் நம்பினார்கள். ஸ்கிளிரோஸ்டினின் உருவமும் அதற்கேற்பவே தோன்றியது. சரியான விடை வேறு நோயாளிகளிடமிருந்து வந்தது.

பிறந்து சில காலத்திலேயே பார்வை இழந்து, சிறு வயதிலேயே எலும்புகள் நொறுங்கும் குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களிடம், செல்லின் மேற்பரப்பில் செய்தியை வாங்கும் எல்ஆர்பி5 என்ற ஏற்பிக்கான மரபணு செயலற்றிருப்பதை மேத்யூ வார்மன் குழு 2001-இல் கண்டறிந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் நெப்ராஸ்கா, கனெடிகட் மாநிலங்களில் இரண்டு குடும்பங்கள் பற்றிய ஆய்வுகள் வெளிவந்தன. இவர்களின் எலும்பு வழக்கத்தைவிட மிக அடர்த்தியானது. மற்றபடி உடல்நலத்துக்குப் பெரிய குறையில்லை. அவர்களிடமும் அதே எல்ஆர்பி5 மரபணுவில்தான் மாற்றம் இருந்தது. ஆனால் இங்கே ஏற்பி கெட்டுப்போகவில்லை. அதை அடக்கவரும் புரதங்களுக்குப் பிடி கொடுக்காதபடி மாறியிருந்தது. 2005-இல் அந்த அடக்கும் புரதங்களில் ஒன்று ஸ்கிளிரோஸ்டின் என்று உறுதியானது.

இந்த ஏற்பி 'டபிள்யூஎன்டி' எனப்படும் செய்திப் பாதையின் வாசல். உயிரினங்களின் உடம்பு உருவாவதில் அடிப்படையான பாதைகளில் அது ஒன்று. அதன் வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. டெல்லியில் ஆர்.பி. சர்மாவும் வி.எல். சோப்ராவும் இறக்கையின்றிப் பிறக்கும் பழ ஈக்களை ஆராய்ந்து 1976-இல் எழுதிய கட்டுரைதான் இந்தப் பாதையின் முதல் தடயங்களில் ஒன்று. 1982-இல் ரூல் நுஸ்ஸேயும் ஹெரால்ட் வார்மஸும் எலியின் மார்பகப் புற்றில் ஒரு மரபணுவைக் கண்டார்கள். ஈக்கு இறக்கை இல்லாமல் போகக் காரணமான மரபணுவும் எலியின் இந்த மரபணுவும் ஒத்தவையே என்று பின்னர் தெரிந்தது. ஈயின் இறக்கையைப் பற்றிய ஆய்வு பாட்டியின் இடுப்பெலும்புக்கு உதவும் என்று அன்று யாரும் சொல்லியிருக்க முடியாது. எதற்குப் பயன்படும் என்று முதலிலேயே கேட்டு நிதியை மறுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆக, படம் தெளிவாகியது. டபிள்யூஎன்டி செய்தி வந்து எல்ஆர்பி5 வாசலைத் தட்டினால் ஆஸ்டியோபிளாஸ்ட்கள் எலும்பு கட்டுகின்றன. எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட்கள் ஸ்கிளிரோஸ்டினைச் சுரந்து அந்த வாசலை அடைக்கின்றன. எலும்பு தனக்குத் தானே பிடித்திருக்கும் கடிவாளம் அது.

கடிவாளத்தைத் தளர்த்துவது எது என்ற கேள்விக்கு இண்டியானா பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ராப்லிங் குழு 2008-இல் அழகான ஒரு விடை தந்தது. மயக்கத்தில் வைத்த எலியின் முன்னங்காலை ஒரு கருவியில் பொருத்தி, அளந்த சுமையை ஏற்றி இறக்கினார்கள். பின்னர் அந்த எலும்பைக் குறுக்கே சீவிச் சாயமேற்றிப் பார்த்தார்கள். சுமையால் எலும்பு அதிகம் வளைந்த பக்கத்தில் ஸ்கிளிரோஸ்டின் சுரக்கும் செல்கள் குறைந்திருந்தன. புதிய எலும்பும் அங்கேயே அதிகம் படிந்திருந்தது. அதிகம் வளையாத இடத்தில் மாற்றம் குறைவு. காலைத் தொங்கவிட்டுச் சுமை இல்லாமல் வைத்த எலிகளிலோ ஸ்கிளிரோஸ்டின் மரபணுவின் இயக்கம் கூடியது.

உழைக்கும் எலும்பு வலுப்பெறும் என்பது நெடுநாள் அறிந்த உண்மை. ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் அதை ஒரு விதியாகவே எழுதினார். டென்னிஸ் வீரரின் மட்டை பிடிக்கும் கையெலும்பு மறுகையைவிடத் தடித்திருக்கும். விண்வெளி நிலையத்தில் எடையின்றி மிதப்பவர்கள் இடுப்பெலும்பில் மாதத்துக்கு ஒரு விழுக்காட்டுக்கும் மேல் இழக்கிறார்கள். ஆனால் சுமையை உணர்வது யார், செய்தியைச் சொல்வது யார் என்பது அதுவரை மங்கலாகவே இருந்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு எலும்பு ஏன் கரைகிறது, மருத்துவர்கள் ஏன் எழுந்து நடக்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள் என்பதற்கும் இந்தப் புதைந்த செல்களிடம்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

ஊசிக்குள் வந்த அறிவு

எலும்புப்புரைக்கு மருந்தே இல்லாமல் இல்லை. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அலெண்ட்ரோனேட் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது, விலையும் குறைவு. ஆனால் அது இடிப்பதைத் தடுக்கும் மருந்து. இழந்ததை மீட்டுக் கட்டாது. கட்டும் மருந்தாக 2002-இல் டெரிபாரடைட் வந்தது. அதை நாள்தோறும் தாமே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அதோடு அது கட்டுவதைத் தூண்டும்போதே இடிப்பதையும் சேர்த்துத் தூண்டிவிடும்.

ஸ்கிளிரோஸ்டினை மட்டும் பிடித்து முடக்கும் ஓர் எதிர்ப்பொருளை உருவாக்கினால் என்ன? ஸ்கிளிரோஸ்டினே இல்லாதவர்களுக்கு என்ன ஆகும் என்று தெரியும். அது அச்சம் தருவது. அங்கே கைகொடுத்தவர்கள் நோயாளிகளின் பெற்றோர். இந்த நோய் வர, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாக வேண்டும். ஒரு பிரதி மட்டும் பழுதான பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் நோய் இல்லை. அவர்களின் எலும்பை அளந்தபோது அடர்த்தி சராசரியைவிடக் கூடுதலாக இருந்தது. முகவாதமோ செவிக்குறைபாடோ வரவில்லை. ஸ்கிளிரோஸ்டினைப் பாதியாகக் குறைத்தால் நன்மை மட்டும் கிடைக்கக்கூடும் என்பதற்கு இயற்கையே வைத்திருந்த சான்று அது.

ஆம்ஜென், யுசிபி நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ரோமோசோசுமாபின் முதல் பெரிய முடிவு 2014-இல் வந்தது. மாதவிடாய் நின்ற 419 பெண்களிடம் நடந்த ஆய்வு அது. மாதத்துக்கு 210 மில்லிகிராம் பெற்றவர்களின் முதுகெலும்பு அடர்த்தி ஓராண்டில் 11.3 விழுக்காடு கூடியது. அலெண்ட்ரோனேட் பெற்றவர்களுக்கு 4.1, டெரிபாரடைட் பெற்றவர்களுக்கு 7.1. இரத்தத்தில் எலும்பு கட்டும் வேலையின் அடையாளங்கள் கூடின, இடிக்கும் வேலையின் அடையாளங்கள் குறைந்தன. இந்த மருந்து இரண்டையும் ஒருசேரச் செய்தது.

அடர்த்தி எண் கூடுவது முக்கியம்தான், ஆனால் முறிவு குறைந்ததா என்பதே கேள்வி. 7,180 பெண்களைச் சேர்த்த ஃபிரேம் ஆய்வின் முடிவு 2016-இல் வெளியானது. ஓராண்டில் புதிய முதுகெலும்பு முறிவு, ஒப்பிடுவதற்காகப் போலி மருந்து (மருந்தே இல்லாத ஊசி) பெற்றவர்களில் 1.8 விழுக்காட்டினருக்கு, ரோமோசோசுமாப் பெற்றவர்களில் 0.5 விழுக்காட்டினருக்கு மட்டுமே. முதுகெலும்பு அல்லாத முறிவுகளில் ஓராண்டு வேறுபாடு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அடுத்த ஆண்டு வந்த ஆர்ச் ஆய்வு கடுமையான தேர்வு. ஏற்கெனவே முறிவு ஏற்பட்ட 4,093 பெண்கள், சராசரி வயது 74, ஒப்பிடப்பட்டது அலெண்ட்ரோனேட்டோடு. ஓராண்டு ரோமோசோசுமாப், பிறகு அலெண்ட்ரோனேட் என்ற வரிசையில் பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் புதிய முதுகெலும்பு முறிவு 48 விழுக்காடு குறைந்தது. இடுப்பு முறிவு 38 விழுக்காடு குறைந்தது.

நம் வீடுகளில் இடுப்பு முறிவு என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. குளியலறை ஈரத்தில் ஒரு வழுக்கல். அதுவரை கோயிலுக்கும் கடைக்கும் தானே போய்வந்தவர் அன்றோடு அடுத்தவர் கையை எதிர்பார்க்கத் தொடங்குகிறார். அந்த முறிவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவது சிறிய செய்தி அல்ல.

இதயம் எழுப்பிய கேள்வி

அதே ஆர்ச் ஆய்வில்தான் எச்சரிக்கையும் வந்தது. முதல் ஆண்டில் மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட கடுமையான இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் ரோமோசோசுமாப் பெற்றவர்களில் 2.5 விழுக்காடு; அலெண்ட்ரோனேட் பெற்றவர்களில் 1.9 விழுக்காடு. போலி மருந்தோடு ஒப்பிட்ட ஃபிரேம் ஆய்வில் இப்படி வேறுபாடு இல்லை. ஆண்கள் 245 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில் மீண்டும் எண்ணிக்கை சற்று ஏறுமுகமாகத் தெரிந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் அனுமதியைத் தள்ளிவைத்தது. 2019 ஏப்ரலில் அனுமதித்தபோது மிகக் கடுமையான எச்சரிக்கைக் கட்டத்தை மருந்தின் குறிப்பில் சேர்த்தது: கடந்த ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இதைத் தொடங்கக் கூடாது. ஜப்பான் அதே ஆண்டு ஜனவரியிலேயே அனுமதித்திருந்தது. ஐரோப்பா ஆண்டின் இறுதியில் அனுமதித்தது.

இது மருந்தின் குற்றமா, ஒப்பிடப்பட்ட அலெண்ட்ரோனேட் இதயத்துக்குச் சற்று நன்மை செய்ததா, வெறும் தற்செயலா என்ற வாதம் முடியவில்லை. சுண்ணாம்பு படிந்து கெட்டியாகும் இரத்தக்குழாய்ச் சுவரில் ஸ்கிளிரோஸ்டின் காணப்படுகிறது. அந்தப் படிவைத் தடுக்க அது அங்கே வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. பிறவியிலேயே ஸ்கிளிரோஸ்டின் சற்றுக் குறைவானவர்களின் மரபணுத் தரவை வைத்து இதய ஆபத்து கூடுவதாக 2020-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். என் கருத்தில், இதய நோய் மலிந்த நம் நாட்டில் இந்த எச்சரிக்கையை எழுத்துக்கு எழுத்து மதிப்பதே முறை. எலும்பைக் காக்கப் போய் இதயத்தைப் பணயம் வைக்க முடியாது.

மருந்து தரப்படும் முறை எளிது. மாதம் ஒருமுறை மருத்துவமனையில், வயிற்றிலோ தொடையிலோ மேற்கையிலோ, தோலுக்கடியில் அடுத்தடுத்து இரண்டு ஊசி. ஒவ்வொன்றிலும் 105 மில்லிகிராம். பன்னிரண்டு மாதத்தோடு நிறுத்திவிட வேண்டும். காரணம், எலும்பு கட்டும் வேகம் முதல் சில வாரங்களில் உச்சத்துக்குப் போய், ஆண்டு முடிவதற்குள் பழைய நிலைக்கே இறங்கிவிடுகிறது. உடம்பு வேறு தடுப்புப் புரதங்களைக் கூட்டிச் சமன் செய்துகொள்கிறது என்று கருதப்படுகிறது. ஊசியை நிறுத்திவிட்டு சும்மா இருந்தால் சேர்த்த அடர்த்தியும் கரைந்துபோகும். எனவே உடனே அலெண்ட்ரோனேட் போன்ற, இடிப்பதைத் தடுக்கும் மருந்துக்கு மாற வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் கட்டி, பிறகு காப்பது. பல ஆண்டுகள் தடுப்பு மருந்து எடுத்தவருக்குப் பிறகு இதைக் கொடுத்தால் பலன் குறைகிறது. வழக்கத்திலோ, விலை காரணமாக, தடுப்பு மருந்தே முதலில் வருகிறது.

மூட்டுத் தேய்மானத்துக்கும் இப்படி ஒரு மருந்து ஏன் வரவில்லை என்று பலர் கேட்கிறார்கள். மூட்டின் குருத்தெலும்பில் இரத்தக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. தன்னைத்தானே புதுப்பிக்கும் ஆற்றல் மிகக் குறைவு. எலும்பில் தளர்த்துவதற்கு ஒரு கடிவாளமாவது இருந்தது. வலியை மட்டும் அடக்க முயன்ற டானெசுமாப் என்ற எதிர்ப்பொருள் வலியைக் குறைத்தது, ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது. 2021-இல் அமெரிக்க நிபுணர் குழு 19-க்கு 1 என்று எதிராக வாக்களித்ததும் அந்த முயற்சி கைவிடப்பட்டது. மூட்டில் இன்னும் முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சைதான் கடைசி வழியாக நிற்கிறது.

திரும்பாத கடன்

மருந்து உருவாக வழி காட்டிய குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வியை இந்தத் துறை போதுமான அளவு கேட்கவில்லை என்பது என் ஆதங்கம். ஸ்கிளிரோஸ்டினை முடக்கும் மருந்து அவர்களுக்கு எந்த வகையிலும் பயன்படாது. அவர்களிடம் இல்லாததே அதுதான். இன்றும் அவர்களுக்குள்ள சிகிச்சை அறுவைதான். நசுங்கிய முகநரம்பைச் சுற்றியுள்ள எலும்பைச் செதுக்கி இடம் உண்டாக்குவது, மூளைக்கு மூச்சுவிட இடம் தர மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுப்பது, காதில் அறுவை செய்வது. எலும்பு மிகத் தடிப்பாகவும் கெட்டியாகவும் இருப்பதால் ஒவ்வொன்றும் கடினமான அறுவை. எலும்பு மறுபடியும் வளரும். அறுவையும் மறுபடி தேவைப்படும்.

இல்லாத ஸ்கிளிரோஸ்டினை வெளியிலிருந்து கொடுத்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் இயல்பானது. மரபணு நீக்கிய எலிகளுக்கு ஆய்வகத்தில் செய்த ஸ்கிளிரோஸ்டினைக் கொடுத்த முயற்சி 2021-இல் வெளியானது. எலும்பு பெருகுவது ஓரளவே குறைந்தது. நூறு பேருக்கான மருந்துக்குச் சந்தை இல்லை. ஆனால் அந்த நூறு பேர் தந்த இரத்தத் துளிகளையும் எக்ஸ்ரே படங்களையும் கொண்டு ஒரு பெரிய சந்தையே உருவாகியிருக்கிறது. அதன் வருவாயில் ஒரு பங்கை அவர்களுக்கான ஆய்வுக்கு ஒதுக்குவதைச் சலுகையாக நான் பார்க்கவில்லை. கொடுக்க வேண்டிய பாக்கி அது.

நம் பக்கத்துக்கு வந்தால், விலை உயர்ந்த ஊசியைப் பற்றிப் பேசும் முன்பே செய்யக்கூடியவை செய்யப்படாமல் கிடக்கின்றன. உலகெங்கும் காணப்படும் ஒரு குறை நம்மிடமும் இருக்கிறது. முறிந்த இடுப்பைத் தகடும் திருகும் வைத்துச் சரிசெய்து அனுப்புகிறார்கள். முறிந்ததற்குக் காரணமான எலும்புப்புரைக்குப் பெரும்பாலானோர் எந்தச் சிகிச்சையும் பெறுவதில்லை. ஒருமுறை முறிந்தவருக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு, அதிலும் முதல் இரண்டு ஆண்டுகளில், மிக அதிகம். வெயில் கொளுத்தும் தென்னிந்தியாவிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கால்சியம் குறைந்த நிலையில் ரோமோசோசுமாப் போடவே கூடாது.

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால், கட்டுப் பிரிக்கும் நாளில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. எலும்பு அடர்த்தியைக் காட்டும் டெக்சா ஸ்கேன் எப்போது எடுக்கலாம்? கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகள் பார்த்தாயிற்றா? மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும். கடந்த ஓராண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். முதுகு வளைந்து, சில ஆண்டுகளில் உயரம் ஓரிரு அங்குலம் குறைந்திருந்தால், வலியே இல்லாவிட்டாலும், முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை நோயாளிக்கே தெரியாமல் நடப்பவை.